முதல் பாட்டு வெளியாகும் முன்: குமரி மாவட்டக் கலைஞரின் பக்கத்தைக் கவனிப்பவருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் பாடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கோயில் கொடை விழா, தேவாலயப் பங்குத் திருவிழா, கிறிஸ்மஸ் கேரல், கானமேளா என்று வருடம் முழுக்க மேடை இருக்கிறது. மேடையில் பெயர் வாங்கிய ஒருவர் சொந்தமாக ஒரு பாட்டைப் பதிவு செய்ததும், வீட்டில் போன் நோண்டத் தெரிந்த ஒரு தம்பியையோ மருமகனையோ பிடித்து "பேஜ் ஒண்ணு தொடங்கிக் குடு மக்கா" என்பார்கள். அந்தத் தம்பிக்காகத்தான் இந்தப் பதிவு.

பக்கம் தொடங்குவது அரை மணி நேர வேலை. முகப்புப் படம், அறிமுக வரி, பதிவு போடும் நேரம் எல்லாம் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவை, அல்லது மாற்றினால் கை சுடுபவை நான்கு: கலைஞரின் பெயர், கணக்கு யார் கையில், பாட்டின் உரிமை, வெளியீட்டுத் தேதி. வேலையை இந்த நான்கிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் லோகோவிலிருந்து தொடங்குகிறார்கள்.

பெயர்

அஜின், ஜெபின், ஷைனி மாதிரிப் பெயர்கள் நம் பக்கம் தெருவுக்கு நாலு. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால் இன்னும் நாற்பது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்கள் கலைஞரை முகம் பார்த்து அறிவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாள எண் உண்டு. பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் பெயரை அடித்ததும், அதே பெயரில் ஏற்கெனவே இருப்பவர்களைக் காட்டி இவர்தானா என்று கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று அழுத்திவிட்டால் உங்கள் பாட்டு ஏதோ ஒரு மலையாள ராப் பாடகரின் பக்கத்தில் போய் உட்காரும். திருத்த வழி இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்துச் சரியாவதற்குள் வெளியீட்டு வாரம் போய்விடும். முதல் பாட்டுக்கு "புதிய கலைஞர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகு வரும் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் பாட்டில் கிடைத்த பக்கத்தின் இணைப்பையே கொடுங்கள்.

பெயர் தனித்து நிற்க நம் வில்லுப்பாட்டுக்காரர்களும் நாதஸ்வரக்காரர்களும் செய்ததே போதும்: ஊர்ப்பெயரை முன்னால் சேர்ப்பது. நாஞ்சிலையும் குமரியையும் விட்டுவிடுங்கள், அங்கே ஏற்கெனவே கூட்டம். தோவாளை, கருங்கல், முட்டம், திற்பரப்பு என்று சின்ன ஊராகப் போனால் இடம் காலியாக இருக்கும். தேங்காய்ப்பட்டணத்துக்காரர்களுக்குத்தான் கஷ்டம்: இன்ஸ்டாகிராம் பயனர் பெயரும் யூடியூப் ஹேண்டிலும் 30 எழுத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்த சிக்கல், ஆங்கில எழுத்துக்கூட்டல். 'த'வுக்கு 'டி' மட்டும் போதுமா, 'எச்' சேர்ப்பதா? 'ழ'வுக்கு 'இஸட் எச்'சா, 'எல்'லா? முடிவு செய்யும் முன் ஐந்து பேரிடம் பெயரை வாயால் சொல்லி, அவரவர் போனில் தேடச் சொல்லிப் பாருங்கள். ஐவரும் ஐந்து விதமாக அடித்தால் அந்தப் பெயர் தேடலுக்கு ஆகாது. முடிவான எழுத்துக்கூட்டல் யூடியூப், இன்ஸ்டாகிராம், பேஸ்புக், ஸ்ட்ரீமிங் தளங்கள் எல்லாவற்றிலும் புள்ளி, கோடு உட்பட ஒன்றாகவே இருக்கட்டும். இன்று எக்ஸ் தளம் வேண்டாம் என்றாலும் அங்கேயும் பெயரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவே போட வேண்டாம்.

பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களைக் கேட்கும் இடத்தில் மேடைப் பெயர் கூடாது, சட்டப் பெயர் வேண்டும். முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு இருப்பதோ இன்ஷியல். கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒற்றை 'எஸ்' போட்டால் பாட்டு திரும்பி வர வாய்ப்பு அதிகம். அப்பா பெயரை முழுசாக எழுதுங்கள். பான் அட்டை, வங்கிக் கணக்கு, ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் அமைப்பு) உறுப்பினர் விண்ணப்பம் எல்லாவற்றிலும் அதே வடிவம் இருந்தால் பணம் வரும்போது பெயர்ப் பொருத்தம் பார்த்து அலைய வேண்டியிருக்காது.

கணக்கு யார் கையில்

இங்கே அடிக்கடி நடப்பது இது. பாட்டைப் பதிவு செய்த ஸ்டுடியோ, அல்லது கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர், "நம்ம சேனல்ல போட்டுருவோம், நமக்கு சப்ஸ்கிரைபர் இருக்கு" என்பார். முதல் வாரம் பார்வை கூடுதலாக வருவது உண்மைதான். ஆனால் பாட்டைக் கேட்டுப் பிடித்துப்போய் சப்ஸ்கிரைப் அழுத்தியவர் ஸ்டுடியோவுக்குத்தான் கிடைத்திருக்கிறார். அடுத்த பாட்டை வேறு ஸ்டுடியோவில் பதிவு செய்தால் அவருக்குச் சேதி போகாது. பாட்டு கலைஞரின் சேனலில்தான் ஏற வேண்டும். ஸ்டுடியோ வேண்டுமானால் 30 விநாடித் துண்டைத் தன் சேனலில் போட்டு முழுப் பாட்டுக்கு வழி காட்டட்டும்.

கலைஞருக்கென்று புதிதாக ஒரு ஜிமெயில், நாலைந்து வருடம் மாறாத ஒரு போன் நம்பர், இரண்டடுக்குச் சரிபார்ப்பு. அந்தச் சரிபார்ப்பு தரும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் தன் இந்திய சிம்மைக் கைவிடும்போது பூட்டிக்கொள்ளும் கணக்குகள் நிறைய. பக்கத்தைக் கவனிக்கும் தம்பிக்குக் கடவுச்சொல் தர வேண்டாம். யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில் 'அனுமதிகள்' பகுதியில் மேலாளர் அல்லது எடிட்டராகச் சேர்த்தால் போதும். சண்டை வந்தால் நீக்குவதும் எளிது.

இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்குக்கு மாற்றும்போது 'பிசினஸ்' வேண்டாம், 'கிரியேட்டர்' போதும். பிசினஸ் கணக்குக்கு உரிமம் பெற்ற பாடல்கள் பெரும்பாலும் கிடைக்காது. பாடகரின் கணக்கிலேயே பாட்டு இல்லாமல் போவது வேடிக்கைதான்.

"உங்கள் கணக்கு காப்புரிமை மீறலுக்காக 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே அழுத்தவும்" என்று நேரடிச் செய்தி வந்தால் அழிக்கவும். அது இன்ஸ்டாகிராம் அனுப்புவது அல்ல. விளம்பர ஒப்பந்தம் என்று சொல்லி மின்னஞ்சலில் வரும் ஜிப் கோப்பையும் கணினியில் திறக்கக் கூடாது. சேனலைத் திருட அதுவே பழகிய வழி.

பாட்டின் உரிமை

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், இசை கோத்தவர், பாடியவர், செலவு செய்தவர் ஆகியோரின் பெயர், யாருக்கு எத்தனை சதவீதம், கையெழுத்து, தேதி. நம் காப்புரிமைச் சட்டத்தில் உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரீமிங் உலகம் முழுக்கப் போவதால் "உலகம் முழுவதும்" என்ற சொல்லும் காலமும் எழுதியே ஆக வேண்டும். "நம்ம பையன்தானே" என்று விட்ட பாட்டுக்குத்தான், அது ஓடத் தொடங்கியதும், மூன்று பேர் உரிமை கேட்டு வருவார்கள்.

இசையில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீபோர்டின் உள்ளிருக்கும் ஸ்டைல், இணையத்தில் வாங்கிய லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டு), நண்பர் பென்டிரைவில் கொடுத்த தாள டிராக். வாங்கிய லூப்பைப் பாட்டில் பயன்படுத்துவதில் தவறு இல்லை. அந்தப் பாட்டை யூடியூப் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி உள்ள வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பதியும்போதுதான் தொல்லை. அதே லூப்பை வைத்திருக்கும் மற்றவர்களின் வீடியோக்கள் மீதெல்லாம் உங்கள் பெயரில் உரிமை கோரல் போகும். புகார் குவிந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் உங்களுக்கு அந்த வசதியையே நிறுத்திவிடும். லூப் உள்ள பாட்டுக்குக் கன்டென்ட் ஐடி வேண்டாம். முழுக்க நீங்களே வாசித்துப் பதிந்ததற்கு மட்டும் போடுங்கள். அப்போதும் உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேட்க மறந்தால், உங்கள் பாட்டின் பெயரிலேயே உங்கள் வீடியோ மீது கோரல் வரும். பயப்பட வேண்டாம். கோரல் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கோரல் விளம்பர வருமானத்தைத் திருப்பிவிடும், சில வேளை வீடியோவைத் தடுக்கும். ஸ்ட்ரைக் என்பது காப்புரிமை மீறலுக்காக வீடியோவை நீக்கித் தரும் எச்சரிக்கை. 90 நாளுக்குள் அப்படி மூன்று வந்தால் சேனலே போகும்.

சினிமாப் பாட்டைத் தன் குரலில் திரும்பப் பாடிப் பதிவு செய்யும் கவர் ஆசை எல்லோருக்கும் உண்டு. யூடியூபில் கவர் போட்டால் பெரும்பாலும் கோரல் வந்து வருமானம் இசை நிறுவனத்துக்குப் போகும், வீடியோ இருக்கும். ஸ்பாட்டிஃபைக்கு அனுப்புவது வேறு கதை. காப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவுப்படி, முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழித்துத்தான் கவர் பதிவு செய்யலாம். முன்னறிவிப்புக் கொடுத்து, வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியும் கட்ட வேண்டும். புதுப் பாடகருக்கு இது கட்டுப்படியாகாது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்துத் தரும் கவர் உரிமம் இங்கேயும் செல்லும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கரோக்கி டிராக்கை யூடியூபிலிருந்து இறக்கி அதன்மேல் பாடுவது இன்னும் மோசம். பாட்டுக்கு ஒருவர், டிராக்குக்கு ஒருவர் என்று இரண்டு உரிமையாளர்.

சொந்த வரிகள் இல்லையா? நம் ஊரிலேயே இருக்கிறது புதையல். தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954இல் மறைந்தார். படைப்பாளி இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு என்பது சட்டக் கணக்கு, அதனால் 2015 முதல் அவர் கவிதைகளுக்கு யாரும் மெட்டுப் போடலாம். தேவாலயப் பாட்டென்றால் 1864இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இருக்கின்றன. ஆனால் வரிகள்தான் பொதுவுடைமை. நீங்கள் கேட்டு வளர்ந்த மெட்டு அண்மைக்கால இசையமைப்பாளர் ஒருவருடையது என்றால் அது அவருடையது. இதே எச்சரிக்கை கொடைப் பாட்டுகளுக்கும் உண்டு. "அம்மன் பாட்டு, ஊர்ப் பாட்டு" என்று எல்லோரும் சொல்லும் பலவற்றுக்குக் கேசட் காலத்து ஒலிப்பதிவு உரிமையாளர் இருப்பார்.

தேதி

வெளியீட்டு நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். 2015 ஜூலை முதல் உலகம் முழுக்கப் புதுப் பாட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் நாள். அம்மன் பாட்டுக்கும் அது பொருத்தம். அந்த வெள்ளிக்கு நாலைந்து வாரம் முன்பே எல்லாம் டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஏறியிருக்க வேண்டும். பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட் வேவ் கோப்பாக இருக்கட்டும். ஸ்டுடியோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய எம்.பி.3யைத் திரும்ப வேவ் ஆக மாற்றினால் போன தரம் திரும்பி வராது. அட்டைப்படம் 3000 x 3000 பிக்சல் சதுரம். அதில் போன் நம்பர், இன்ஸ்டாகிராம் முகவரி, "யூடியூபில் காண்க" போன்றவை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடையில் செய்த அட்டைப்படத்தில் இவை மூன்றும் இருக்கும், கூடவே நாலு பெரியவர்களின் படமும் இருக்கும்.

மாஸ்டரிங் (பாட்டைக் கடைசியாக மெருகேற்றுவது) ஒலி அளவைப் பற்றி ஒரு வார்த்தை. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (கேட்கும் சத்தத்தின் அளவீடு) அளவுக்குச் சத்தத்தைச் சமன் செய்கின்றன. மேடை மைக்செட் பழக்கத்தில் மைனஸ் 7 வரை அழுத்திக் கொடுத்தால் தளம் அதைக் குறைத்துவிடும். நசுங்கிய தவில் நசுங்கியபடியே கேட்கும். உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குக் கீழே நிற்கட்டும்.

பாட்டு போய்ச் சேர்ந்ததும் கலைஞரின் ஸ்பாட்டிஃபை அடையாள இணைப்பை டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்கி, கலைஞர்கள் தங்கள் பக்கத்தைக் கவனிக்க உதவும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கைக் கோருங்கள். வெளியாகாத பாட்டை மட்டுமே அங்கே பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு முன்வைக்க முடியும். குறைந்தது 7 நாள் முன்பு கொடுத்தால்தான் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலிலும் விழும். மூன்று வாரம் முன்பே கொடுப்பது நல்லது. ஒரே ஒரு குறிப்பு எழுதச் சொல்வார்கள். "அருமையான பாட்டு" என்று எழுதாமல், எந்தக் கருவிகள், எந்த ஊர், எந்தத் திருவிழாவை ஒட்டி, யாருக்காக என்று எழுதுங்கள். பாட்டின் பெயர் கட்டத்தில் மொழி தமிழ், எழுத்து ஆங்கிலம் என்பதே வழக்கம். "அஃபிஷியல் வீடியோ", அடைப்புக்குறிக்குள் பொருள் எல்லாம் அங்கே கூடாது. யூடியூப் தலைப்பில் மட்டும் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் போடலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பாட்டென்றால் விவரக்குறிப்பில் மலையாள எழுத்திலும் ஒரு வரி சேருங்கள், திருவனந்தபுரத்தில் கேட்பவர்கள் உண்டு.

திருவிழாப் பாட்டுக்குத் தேதியே எல்லாம். கேரல் பாட்டு டிசம்பர் 20இல் வந்தால் யாரும் பயிற்சி எடுத்துப் பாட மாட்டார்கள், நவம்பர் நடுவில் வர வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3இல் முடியும். மண்டைக்காட்டுக் கொடை மாசியில். அதற்கான பாட்டு தை பிறந்ததும் தளத்தில் இருந்தால், கொடியேற்று அன்று ஸ்டேட்டஸ் வைப்பவர்களின் கையில் அது தயாராக இருக்கும்.

படமும் துண்டுகளும்

முழு வீடியோ ஒன்று, வரிகள் ஓடும் வீடியோ ஒன்று, செங்குத்துத் துண்டுகள் பத்து. இவை எல்லாம் ஒரே நாள் படப்பிடிப்பில் கிடைக்க வேண்டும். பத்துத் துண்டும் டிரெய்லர் மாதிரி இருந்தால் பயனில்லை. பல்லவியின் ஈர்க்கும் 15 விநாடியை மூன்று வெவ்வேறு காட்சிகளோடு மூன்று துண்டு. வயலின் அல்லது உடுக்கை மட்டும் தனியாக ஒலிக்கும் ஒன்று. வரி எழுதியவர் ஒரு சொல்லை ஏன் போட்டார் என்று நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்வது ஒன்று. இசையே இல்லாமல் சும்மா பாடுவது ஒன்று, பலருக்கு இதுவே அதிகம் ஓடும். மீதி நாலும் வெளியான பிறகு வரும் கருத்துகளுக்குப் பதிலாக.

அளவு 1080 x 1920. கீழே கால் பகுதியும் வலது ஓரமும் பொத்தான்கள் மறைக்கும், பாட்டு வரிகளை நடுவில் வையுங்கள். பிரீமியர் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் கொம்பு எழுத்துகள் இடம் மாறினால் கிராபிக்ஸ் விருப்பங்களில் தெற்காசிய எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்துத் தந்த பாட்டு வரிகளை விவரக்குறிப்பில் ஒட்டினால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் திரும்ப அடியுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாடிகள் சுழலும் அழகுக்காக ஆனி, ஆடியில் அங்கே போய்ப் பாடிப் பதிவு செய்ய நினைப்பவர்கள் உண்டு. பஞ்சு உறை போட்ட மைக்கும் அந்தக் காற்றுக்குத் தாங்காது. மாஸ்டர் பாட்டை ஸ்பீக்கரில் ஓட விட்டு வாயசைத்து எடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் சற்றுத் தாமதித்து ஒலிக்கும் என்பதால், எடிட்டிங்கில் உதட்டசைவை அலைவடிவம் பார்த்துப் பொருத்த வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. திங்கள் விடுமுறை, படப்பிடிப்புக்கு அவர்களிடம்தான் அனுமதி. டிரோன் பறக்க விடும் முன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். திருவள்ளுவர் சிலைப் பின்னணியை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எல்லோர் வீடியோவிலும் அது இருக்கிறது. சங்குத்துறையின் மாலை வெளிச்சமோ மாத்தூர் தொட்டிப் பாலத்தின் தூண்களோ செலவில்லாமல் வேறு முகம் தரும்.

மேடை நிகழ்ச்சியைப் போனில் பிடித்துப் போடுவதில் ஒலி உடைந்து கிடக்கும், காரணம் ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் நிற்பது. மைக்செட் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி மிக்சரின் ரெக்கார்ட் அவுட்டிலிருந்து ஒரு கேபிளை ரெக்கார்டருக்கு எடுங்கள், அளவு மைனஸ் 12 டெசிபல் அருகே. கூடவே கூட்டத்தின் பக்கம் ஒரு மைக். மிக்சர் ஒலி மட்டும் என்றால் கைத்தட்டல் இல்லாமல் செத்துக் கிடக்கும்.

இன்ஸ்டாகிராமில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டர் வழியே பாட்டு இன்ஸ்டாகிராமின் நூலகத்துக்கு வரும் முன்பே, ரீலில் பாட்டை நேரடியாகச் சேர்த்து நிறையப் போட்டுவிடுகிறார்கள். அவை 'ஒரிஜினல் ஆடியோ' என்று ஒரு பக்கத்தில் சேரும், அதிகாரப்பூர்வப் பாட்டு இன்னொரு பக்கத்தில். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து போவார்கள். வெளியீட்டுக்கு முன் இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம். வெளியான பின் எல்லாத் துண்டுகளுக்கும் நூலகத்தில் உள்ள பாட்டையே எடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் துண்டு எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்கும் விநாடியை நிரப்பவும். விட்டுவிட்டால் முன்னிசையிலிருந்து தொடங்கும், ஸ்டேட்டஸ் வைப்பவருக்குப் பாட்டே கிடைக்காது.

முன்னிசை 40 விநாடி இருப்பது நம் பக்திப் பாட்டு மரபு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. பாட்டை வெட்டச் சொல்லவில்லை. முழு வடிவத்தோடு, 5 விநாடியில் குரல் வரும் சுருக்க வடிவம் ஒன்றையும் தனியாக வெளியிடலாம்.

யூடியூபில் ஷார்ட்ஸின் விவரக்குறிப்பிலும் கருத்திலும் போடும் இணைப்பு 2023 ஆகஸ்ட் முதல் அழுத்தினால் திறக்காது. 'தொடர்புடைய வீடியோ' என்ற இடத்தில் முழுப் பாட்டைச் சேருங்கள். முழு வீடியோவின் கடைசி 20 விநாடியை அடுத்த பாட்டுக்கும் சப்ஸ்கிரைப் பொத்தானுக்கும் காலியாக விடுங்கள். பாட்டு வெளியானதும் உங்கள் பெயரோடு 'டாபிக்' என்று தானாக ஒரு சேனல் முளைக்கும். யாரோ திருடிவிட்டார்கள் என்று புகார் கொடுக்காதீர்கள், அது யூடியூப் செய்வது. அதை உங்கள் சேனலோடு இணைக்க 'அஃபிஷியல் ஆர்ட்டிஸ்ட் சேனல்' வேண்டும் என்று டிஸ்ட்ரிபியூட்டர் வழியே விண்ணப்பியுங்கள்.

வளைகுடாவும் வாட்ஸ்அப்பும்

நம் பாட்டின் முதல் ஆயிரம் பேரில் ஒரு பெரும் பங்கு துபாய், குவைத், தம்மாம் அறைகளில் இருக்கிறார்கள். நம் இரவு 9 மணி துபாயில் 7:30, சவூதியிலும் குவைத்திலும் 6:30. காலை ஏழு மணிக்குப் போடும் பதிவு அவர்கள் தூக்கத்தில் போய்விடும். சவூதி, குவைத், கத்தாரில் வெள்ளி, சனி விடுமுறை என்பதால் வியாழன் இரவு நல்ல நேரம். அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு.

வாட்ஸ்அப் குழுக்களில் முழு வீடியோக் கோப்பை அனுப்பாதீர்கள். நூறு குழுவுக்குப் போனாலும் உங்கள் கணக்கில் ஒரு பார்வைகூட ஏறாது, தரமும் நசுங்கும். 30 விநாடித் துண்டு, அதன் கீழே யூடியூப் இணைப்பு. சித்தி, மாமியாருக்குத் துண்டே போதும், மற்றவர்கள் அழுத்துவார்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே சேரும். அதனால் கச்சேரி முடிந்து வாழ்த்துச் சொல்ல வருபவரிடம் நம்பர் வாங்குவதோடு நிற்காமல், உங்கள் நம்பரையும் அவர் போனில் சேமிக்கச் சொல்ல வேண்டும். பேஸ்புக் பெரியவர்களுக்கும் பங்குப் பேரவைக்காரர்களுக்கும். இன்ஸ்டாகிராமில் போடுவதே அங்கேயும் போகும்படி இணைத்துவிட்டு மறந்துவிடலாம்.

காசு

விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். நன்றாக ஓடிய துண்டுக்கு மட்டும். ஓடாத துண்டுக்குப் போட்ட காசு மணவாளக்குறிச்சி மணலில் ஊற்றிய தண்ணீர். கூகுள் விளம்பரம் வழியே வரும் பார்வை நேரம் யூடியூப் வருமானத் தகுதிக்குச் சேராது. அந்தத் தகுதி 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையும். பார்வை விற்பவர்களை நெருங்கவே வேண்டாம். செயற்கைக் கேட்புகளைக் கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடும், அது உங்கள் தலையில் வந்து விழும், பாட்டும் நீங்கும். தவிர, 12 மாதத்தில் 1,000 கேட்பு தாண்டாத பாட்டுக்கு அங்கே ராயல்டி கிடையாது.

லைக் எண்ணிக்கையைப் பார்த்துப் பூரிக்காமல் ரீலில் எத்தனை பேர் பகிர்ந்தார்கள், சேமித்தார்கள் என்று பாருங்கள். யூடியூபில் முதல் 30 விநாடி முடியும்போது எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்ற வரைபடத்தைப் பாருங்கள். அடுத்த பாட்டின் தொடக்கத்தை எப்படி அமைப்பது என்று அதுவே சொல்லும்.

வருமானம் 10 டாலர் தொட்டதும் யூடியூப் விளம்பரப் பணத்தை அனுப்பும் கூகுள் ஆட்சென்ஸ், உங்கள் முகவரியைச் சரிபார்க்கச் சாதாரணத் தபாலில் ஒரு பின் நம்பர் அனுப்பும். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும், ஆனால் அந்தப் பின் இல்லாவிட்டால் அதுவும் நிற்கும். வீட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் எழுதிய முகவரிக்கு அந்தக் கடிதம் பலமுறை வருவதில்லை. கதவு எண், அஞ்சலகப் பெயர், பின்கோடு ஆகியவற்றோடு அப்பா பெயரையும் சேர்த்து எழுதி, உங்கள் பகுதித் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.